ஸ்கூட்டி சாவி

"சாவியக் குடுப்பா. சிதம்பரம் காலேஜுக்கு நானே ஸ்கூட்டியில போயிட்டு வந்துடறேன்" என்றாள் வினோதினி.

தங்கராசு சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கடலூர்லேந்து அம்மாந்தூரமா? வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது. பஸ்ல போ."

"இன்னிக்கு எனக்குப் பாராட்டு விழாப்பா. கார் ரேஸ்ல ஜெயிச்சவ பஸ்ல வந்து எறங்குனா பொண்ணுங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். அங்க ரேஸ் டிராக்குல வண்டி வெளிய பாயக்கூடாதுன்னு வளைவுல ரோட்டையே சாச்சுப் போட்டிருக்கான். வேகமெடுத்து முந்தறதுக்குக் கார்லயே தனியா பட்டன் வெச்சிருக்கான். எல்லாரும் ஒரே பக்கமா போறீங்க."

"இங்க என்னவாம்?"

"இங்க பஸ்காரன் நம்ம சைடுலயே ஏறி எதிர்ல வர்றான். அதான் சொல்றேன், நீ அந்த பஸ்ஸுக்குள்ளயே ஒக்காந்துக்க."