மனுவில் முதல் பெயர்

“இந்தக் காலத்துல எவனும் எதையும் படிக்கிறதில்ல. கோவம் மட்டும் முன்னாடி வந்துருது!” முனகிக்கொண்டே பொழிச்சலூர் காலனி வாசகசாலைக்குள் நுழைந்தார் தேவசகாயம்.

கட்சிக்காரர்களைக் கிண்டலடித்து அவர் மகள் ஜான்சி எழுதிய நாவலை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“எவன்பா எடுக்கச் சொன்னது? ஆளுங்கட்சிக்காரனா?”

“எல்லாக் கட்சியும்தான் அண்ணா,” என்றார் பொறுப்பாளர் பத்ரி. “எதுக்கும் ஒண்ணு சேராதவங்க இதுக்குச் சேர்ந்துட்டாங்க. மனு குடுத்திருக்காங்க.”

“அந்தப் புக்கை ஒருத்தனாவது படிச்சானா?”

“அட்டையைத்தான் பார்த்தாங்க.”

“படிக்காமயே கையெழுத்துப் போட்ட கழுதைங்க யாருன்னு காட்டு!”

பத்ரி தயங்கித் தயங்கி மனுவை நீட்டினார். முதல் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது: தேவசகாயம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது.

“இது... மழைத்தண்ணி கால்வாய்க்குன்னு சொல்லித்தானே வூட்டாண்ட வந்து வாங்கினானுங்க?”

“பெத்த அப்பாவே போட்டுட்டாருன்னு காட்டித்தான் மத்தவங்ககிட்ட வாங்கியிருக்காங்க, அண்ணா.”

தேவசகாயம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“கால்வாய்க்குன்னுதான்பா சொன்னானுங்க.”

அதையே சொல்லிக்கொண்டு படியிறங்கி நடந்தார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.