மச்சினனுக்கு விட்ட இடம்

மாஸ்டர் தன் ஜாஸ் குழுவுக்கு எழுதிய ஒவ்வொரு இசையிலும் நடுவில் ஓர் இடத்தை எழுதாமல் விட்டுவிடுவார். அது அவருடைய மச்சினன் சாக்ஸஃபோனில் மனம்போனபடி வாசிக்கும் இடம்.

"எழுதிக் கொடுத்தா மட்டும் அதையா வாசிக்கப்போறான்? அக்காவுக்குத் தப்பாத தம்பி" என்பார்.

மச்சினன் இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவன் சாக்ஸஃபோன் இன்னும் அவன் நாற்காலிக்கு முன்னால்தான் நின்றது. ஒத்திகையில் அந்த இடம் வந்தால் எல்லோரும் நிறுத்துவார்கள். மாஸ்டர் மனதுக்குள் தாளம் எண்ணிக் கை தூக்கியதும் தொடர்வார்கள்.

"போனவன் போய்ட்டான். அடுத்த வாரத்துலேர்ந்து அந்த இடத்தை வெட்டிடலாம்" என்று இன்று தொடங்கும்போதே சொல்லிவிட்டார்.

அந்த இடம் வந்தது. மாஸ்டர் எண்ணி முடித்துக் கை தூக்கினார். ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லோருடைய கால்களும் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, யாரும் சைகை காட்டாமலே, குழு முழுவதும் ஒரே நொடியில் சேர்ந்துகொண்டது.

முடிந்ததும் மாஸ்டர் டிரம்ஸ்காரரிடம் எரிந்து விழுந்தார். "நான் கை தூக்கினது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது மாஸ்டர். உங்க மச்சினன் இன்னும் முடிக்கலையே. நடுவுல எப்படிப் புகுந்து அடிக்கிறது?"

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அந்த நாற்காலிப் பக்கம் போய், சாக்ஸஃபோனின் ஊதும் முனையில் பொருத்தியிருந்த நாணல் ரீடைத் தொட்டுப் பார்த்தார். எச்சிலில் ஊறியிருந்தது. கைக்குட்டையால் துடைத்து வைத்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"எப்படி வாசிச்சான்?"

"வழக்கம்போலதான் மாஸ்டர். இன்னைக்குக் கொஞ்சம் நீட்டிட்டாரு."