ஒரே பதில்

"நூத்தியிருபது வீட்டுலயும் ஒரே பதிலா? யார் காதுலம்மா பூ சுத்தப் பார்க்கறே?"

சுகாதார நிலைய இயக்குநர் படிவக் கட்டை மேசையில் பொத்தென்று போட்டார். எதிரே நின்றவள் சமூகப்பணி படித்துவிட்டு ஆய்வு வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

அரை வருடமாகப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து நிலையத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். காரணம் கண்டுபிடித்து வா என்று அவளை அனுப்பியவரே அவர்தான். அங்கே ஏழெட்டு நாட்டுக்காரர்கள், ஒன்பது மொழிகள். மாடி மாடியாக ஏறி, மொழி தெரிந்தவர்களைத் துணைக்குப் பிடித்து, ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதி வந்திருந்தாள்.

"மதம் தடுக்குதுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கணும். வீட்டு வைத்தியமே போதும்னு நாலு பேராவது சொல்லியிருக்கணும். எல்லாரும் ஒரே மாதிரி 'கையுறை அக்கா இல்லையே'ன்னா என்ன அர்த்தம்? இருந்த இடத்துல உட்கார்ந்து நீயே எழுதிட்டேன்னு அர்த்தம். நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அவள் படிவக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள்.

"மூணாவது மாடியில ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை நோய் சார். சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எடுத்துச் சொல்ல ஆளில்லாம, மாசக்கணக்கா மாத்திரையைத் தப்பா முழுங்கியிருக்காங்க. கால் விரல் ரெண்டை எடுத்தாச்சு. அதையும் நான் உட்கார்ந்த இடத்துலதான் எழுதினேனா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி, யார் அந்த அக்கா? இங்கே இருக்கற டாக்டர், நர்ஸ், மருந்து கொடுக்கறவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தரும் இல்லையே."

"டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை சார். அஞ்சு பாஷை பேசுவாங்க. பதிவு ஜன்னல்ல திருதிருன்னு முழிக்கறவங்க பக்கத்துல போய் நின்னு விவரம் சொல்லுவாங்க. பயந்தவங்களுக்கு டாக்டர் அறை வரைக்கும் துணைக்குப் போவாங்க. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு விரலை மடக்கிக் காட்டுவாங்க."

"அஞ்சு பாஷையா?" இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோமேம்மா. அவங்க எங்கே இருந்தாலும் கூட்டிட்டு வா. நானே பேசறேன்."

"நீங்க ஏற்கெனவே பேசிட்டீங்க சார்," என்றாள் அவள். "ரப்பர் கையுறை மாட்டிக்கிட்டுத் தரையைத் துடைக்க வெச்ச ஆள், வர்ற நோயாளிங்களோட எல்லாம் ஓயாம பேசிக்கிட்டே இருக்காங்கன்னு, ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க வேலையை விட்டு அனுப்பினீங்களே, அவங்கதான்."