பத்தாவது ஆள்

“மனுச மனசைப் படிக்க வருசத்துக்கு இருபத்தெட்டாயிரமா சார்?”

“ஆமாம்மா. பஸ் தனி” என்றார் காளீஸ்வரன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது. குழந்தைகளின் மனக்கோளாறுகளில் டாக்டர் பட்டம், உளப்பகுப்பாய்வில் இரண்டு புத்தகம், விருதுநகரில் ஒரு கல்லூரியில் உளவியல் பேராசிரியர். மே மாதம் பிறந்தால் மட்டும் பைக்கில் பிட் நோட்டீஸோடு வீடு வீடாக மாணவர் பிடிப்பவர். அப்பா மிளகாய் வத்தல் விற்றார். மகன் ஆழ்மனம் விற்கிறான். வத்தலுக்காவது சாம்பிள் காட்டலாம்.

சாயங்காலத்துக்குள் பத்தாவது ஆள் சேராவிட்டால் துறையை மூடிவிட்டு, அவரை ஹாஸ்டல் வார்டன் ஆக்கிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. பத்தாவது, விஸ்வநத்தத்தில் இந்த வீட்டு ஜாஸ்பின். பெண்ணுக்குச் சம்மதம்தான். அம்மா பெர்சிஸ்தான் பிடி கொடுக்கவில்லை.

“கிளாஸ்ல பத்தே பேருன்னா, மத்தவுக ஏன் சேரலன்னு யோசனை வருமில்ல சார்?”

“பத்து பேரா இருக்கிறதுதாம்மா லாபம். அறுபது பேரை அடைச்சு வச்சா வாத்தியாருக்குப் பிள்ளை முகமே தெரியாது.”

“அதுவும் சரிதான்.”

பெர்சிஸின் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே ஜாஸ்பினோடு சேர்ந்து ஒரு பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள் காளீஸ்வரனின் மகள் ஹர்ஷினி. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி என்பதால் கூடவே கூட்டி வந்திருந்தார்.

“பாப்பாவுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சா?”

“போன மாசம்தாம்மா.”

“வீடு எங்கன?”

“இதே ஊர்தான். குடி வந்து இன்னும் ஒரு மாசம் ஆகல.”

“எந்த ஸ்கூலு?”

“அவ அம்மா சிவகாசியில ஏதோ பெரிய இங்கிலீஷ் ஸ்கூலா பார்த்து வச்சிருக்கா. இன்னும் பணம் கட்டல.”

பெர்சிஸ் குழந்தையை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை. காளீஸ்வரனுக்குச் சட்டென்று பிடிபட்டது. பிரிவச்சம்! மகள் கையை விட்டுப் போகிறாளே என்ற தவிப்பில், அவளுடைய மழலையை இந்தக் குழந்தையிடம் தேடுகிறார். காளீஸ்வரனின் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் சேலை கட்டி எதிரே உட்கார்ந்திருந்தது. நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதான்.

“அம்மா, தயங்காதீங்க. பேரையும் கட்டடத்தையும் பார்த்துச் சேர்க்கிறது பிள்ளைக்காக இல்ல, சொந்தக்காரங்ககிட்டப் பீத்திக்கிறதுக்கு. சின்ன கிளாஸ், முகம் பார்த்துப் பேசுற டீச்சர். பிள்ளை மனசுக்கு அம்புட்டுதான் வேணும்.”

“நெசமாத்தான் சொல்றீகளா?”

“மேடை போட்டே சொல்வேன்!”

“அப்பச் சரி. ஜாஸ்பின் உங்க காலேஜ்தான்.”

காளீஸ்வரனின் நெஞ்சுக்குள் ஆயிரம் வாலா வெடித்தது. இத்தனை வருடம் படித்த படிப்பு முதல்முறையாக ஒரு வீட்டு வாசலில் விலை போயிருக்கிறது. பெருந்தன்மையாக எழுந்தார்.

“வந்ததுலேருந்து உங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும்மா.”

“தெரிஞ்சிருச்சா? அப்ப எனக்கு வேலை மிச்சம்” என்று பெர்சிஸ் முகம் மலர்ந்தார். “பாப்பாவைப் பார்த்ததுலேருந்தே கேக்கணும்னுதான் இருந்தேன். தெருக்கடைசி ஸ்கூலுக்கு நாந்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். ஒண்ணாப்புக்கு இன்னும் ஒரே ஒரு பிள்ளை கிடைக்கலன்னா ஸ்கூலையே மூடிருவாக. மேடையெல்லாம் எதுக்கு சார்? இப்பச் சொன்னதை அப்படியே பாப்பாவோட அம்மாகிட்டச் சொல்லிருங்க.”

பைக்கை உதைத்தபடி காளீஸ்வரன் மனக்கணக்குப் போட்டார்: வரவு ஜாஸ்பின், பற்று ஹர்ஷினி, டூட்டி முடிந்து வருகிறவளுக்குச் சொல்ல வேண்டிய பதில், பாக்கி.