நகராத படம்

ஜன்னல்களைக் கறுப்புத் தறப்பாளால் மூடிய பிறகுதான் படம் சுவரில் தெளிவாக விழுந்தது.

சில்வெஸ்டர் புரொஜெக்டரின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகினார். சரிந்து கிடந்த வெளிச்சச் சதுரம் நிமிர்ந்து நின்றது.

பழுகாமத்துக்கு அப்பால், வாவிக்கரையில் இருந்த பாடசாலை மண்டபம் அது. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று காலையில் இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போயிருந்தார்கள். யுத்தம் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வராமலிருக்க யாருக்கும் துணிவில்லை.

கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் சில்வெஸ்டரிடம் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் புரொஜெக்டர் இருந்தது. ஆகவே மெஷினோடு சேர்த்து அவரையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள்.

சனம் நிறைந்ததும் கதவைச் சாத்தினார்கள். துவக்கோடு ஒரு சிப்பாய் அதில் சாய்ந்து நின்றான்.

“முடியும் வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது,” என்றார் அதிகாரி, தான் பழகிக்கொண்ட தமிழில்.

தறப்பாள் வெளிச்சத்தோடு காற்றையும் மறித்துவிட்டது. ஒரு குழந்தை சிணுங்கியது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

சரணடைந்த பிள்ளைகளுக்கு முகாம்களில் என்னென்ன பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய விளக்கம் அது. முதலில் கரப்பந்து விளையாட்டு. பிறகு கணினி வகுப்பு. அதிகாரி ஒவ்வொரு படத்தையும் விளக்கிவிட்டு, “அடுத்தது” என்பார். சில்வெஸ்டர் விசையை அழுத்துவார்.

தச்சுப் பட்டறைப் படம் வந்தது.

இளைஞர்கள் வரிசையாகச் சீவுளி பிடித்து நின்றார்கள். எல்லோரும் கமராவைப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்றவன் மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பாதி எழுந்தாள். உடனே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. சில்வெஸ்டர் கவனித்தார்.

“அடுத்தது.”

அவருடைய விரல் விசையைத் தொட்டபடி நின்றது. அழுத்தவில்லை.

“அடுத்தது!”

“கொஞ்சம் பொறுங்க சேர். கொம்பியூட்டர் இறுகிட்டு.”

வயர்களைத் தடவினார். ஒன்றையும் கழற்றவில்லை. சரிபார்ப்பதுபோல லென்ஸை மெல்லத் திருகினார். ஓரத்தில் நின்றவனின் முகம் இன்னும் துலங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலையை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மேசைக்கே வந்துவிட்டார். கதவடியில் நின்றவனும் நிமிர்ந்து பார்த்தான். இனியும் இழுத்தால் விசையை அதிகாரியே அழுத்திவிடுவார்.

“இந்தப் படத்திலதான் ஏதோ பிழை, சேர். இது எந்த இடத்துப் படம்? பேரைச் சொன்னா வேற பக்கத்தால எடுக்கலாம்.” மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

“பொலநறுவைப் பக்கம் இருக்கிற தச்சு முகாம். கெதியா எடு!”

அதிகாரியும் உரக்கத்தான் சொன்னார். மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில்வெஸ்டர் விசையை அழுத்தினார். சுவரில் தையல் வகுப்பு வந்தது.

எல்லாம் முடிந்து கதவு திறந்தபோது சனம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேறியது. அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்க்காமலே போனாள். அவர் வயர்களைச் சுற்றி, மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். திரும்பிப் போக ஜீப் கொடுக்கவில்லை.

வாவியோரம் பாதை வளையும் இடத்தில் அவள் தனியே நின்றாள். அவர் வந்ததும் கூடவே நடந்தாள்.

“நல்லா மெலிஞ்சிட்டான்,” என்றாள் செசீலியா.

“விரல் பத்தும் இருக்கு புள்ள. நான் வடிவாப் பார்த்தனான்.”

அவள் அங்கேயே நின்று அழுதாள். படத்தின் ஓரத்தில் நின்ற ஜெராட் அவர்களுடைய ஒரே மகன்.

அவர்கள் முன்பிருந்த கல்குடாவில் சுனாமி வந்த அன்று அவன் பனையைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருந்தான். அதற்கு முன்பே அவனைச் சண்டைக்குக் கூட்டிப்போக இயக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள். கடல் கொண்டுபோனவர்களோடு அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னவள் செசீலியா. போய்ச் சொன்னவர் சில்வெஸ்டர். மரணப் பத்திரம் எடுத்தார்கள். கறுப்பு உடுத்து, பூசையும் கொடுத்தார்கள். அவனை உன்னிச்சையில் வயல் நடுவே ஒரு வட்டைக் குடிலில் ஒளித்து வைத்தார்கள்.

வந்தவர்கள் அங்கேயும் வந்தார்கள். இழுத்துப்போனார்கள்.

செத்தவனைக் காணவில்லை என்று எங்கே போய்ச் சொல்வது? தெரிந்தவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் இந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். இங்கே யாருக்கும் அவன் முகம் தெரியாது.

“என்னெண்டு சொல்லிப் போய்க் கேக்கிற?” என்றாள் அவள். “பொய்ப் பத்திரம் எடுத்ததெண்டு உங்களைப் பிடிச்சி அடைச்சிருவானுகள்.”

சில்வெஸ்டர் திரும்பிப் பார்த்தார். பாடசாலை வாசலில் ஜீப் இன்னும் நின்றது. தறப்பாளைச் சுருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அடைக்கட்டும். புள்ள வெளிய வரட்டும்.”

தோளிலிருந்த பெட்டியை இறக்கி அவளிடம் கொடுத்தார்.

“நீ வீட்ட போ. நான் போய்ச் சொல்லிட்டு வாறன்.”

அவர் ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

செசீலியா பெட்டியை வேலியோரத்தில் அப்படியே வைத்துவிட்டு, தானும் சேர்ந்து சொல்ல அவரை எட்டிப் பிடிக்க ஓடினாள்.