இண்டைக்கும் ஓட்டமோ?

“இண்டைக்கும் ஓட்டமோ?”

செபமாலையின் நடுவிலேயே கேட்டுவிட்டார் பியற்றிஸ் அக்கா.

லண்டன் நோர்பரியில் தங்கை இம்மாகுலேற்றின் வீட்டு ஹோலில் சனம் முழங்காலில் நிற்கிறது. எல்லோரையும் விலத்திக்கொண்டு, அரைக் காற்சட்டையும் சப்பாத்துமாக வாசலுக்குப் போகிறார் தங்கையின் கணவர் கிருஷ்ணராசா. யாருக்குத்தான் பத்திக்கொண்டு வராது?

“ஓம் மச்சாள். ஓடவேணும்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

“பாத்தியே? எங்கடை தம்பி வன்னிச் சண்டைக்குள்ளை உயிரோடை இருக்கிறானோ இல்லையோ தெரியாது. இந்தாளுக்கு உடம்பு இளைக்கவேணுமாம்! சைவக்காரனைக் கட்டாதை எண்டு நான் அப்பவே சொன்னனான்.”

இம்மாகுலேற் செபமாலையின் அடுத்த மணியை உருட்டினாள்.

தம்பி அன்ரனின் போன் ஜனவரியில் நின்றுபோனது. அன்றைக்கே இம்மாகுலேற் மாதா சுரூபத்துக்கு முன்னால் விழுந்து கத்தினாள். “தாயே, அவன் உயிரோடை இருக்கிறான் எண்ட சேதி வந்தால், மன்னாரிலையிருந்து மடுக் கோயிலுக்கு நடந்து வந்து உன்ரை காலிலை விழுவன்!”

படியிறங்கவே ஏலாத முழங்கால். அதை வைத்துக்கொண்டு அப்படியொரு நேத்திக்கடன்!

அதே வாரம்தான் கிருஷ்ணராசா ஓடத் தொடங்கினார். ஐம்பது வயதில். அதுதான் அவளுக்கு ஆறாத கோபம்.

பெப்ரவரிப் பனியில் லண்டன் பஸ்ஸெல்லாம் நின்ற நாளிலும் ஓடினார். சிகரெட்டை விட்டார். இரவுச் சோற்றை விட்டார். கடை ஷிப்ட் முடிந்து வந்த கையோடு ஸ்ட்ரெதம் வரை ஓடிவிட்டு வருவார். பிறகு அதையும் தாண்டிப் போனார். கால் நகம் கறுத்துக் கழன்றது. அப்பவும் நிற்கவில்லை.

“மனம் எண்டு ஒண்டு இருக்கோ உங்களுக்கு?” ஒருநாள் வெடித்தாள் இம்மாகுலேற். “அத்தான் அத்தான் எண்டு உங்களையே சுத்தித் திரிஞ்சவன். அவனுக்காக ஒருக்கா இருந்து ஒரு செபம் சொல்ல ஏலாதோ?”

“எனக்குச் செபம் தெரியாதப்பா.” குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார்.

“செபம் தெரியாதாம். ஓட மட்டும் தெரியுதாம்!” என்றார் பியற்றிஸ் அக்கா, கேட்கட்டும் என்றே.

ஏப்ரல் கடைசியில் போன் வந்தது. அன்ரன் வவுனியா அகதி முகாமில் இருக்கிறானாம். கையில் காயம். ஆனால் உயிர் இருக்கிறது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக் குழறி அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசை.

“இண்டைக்காவது என்னோடை வாங்கோவன்.” விடியவே கெஞ்சினாள் இம்மாகுலேற்.

“நீர் போம். நான் அங்கை வாறன். இண்டைக்குக் கட்டாயம் ஓடவேணும்.”

போயே விட்டார். அவளுக்கு நெஞ்சே விட்டுப்போனது. பூசை முழுக்க அழுதாள்.

பூசை முடிந்து சனம் கலைகிற நேரம் கிருஷ்ணராசா வந்தார். நொண்டி நொண்டி, வேர்வை வழிய. சப்பாத்தைக் கோயில் வாசலிலேயே கழற்றிவிட்டு, நேரே போய் மாதாவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். காலுறையில் ரத்தம் ஊறியிருந்தது.

“கோயிலுக்கு வாற கோலமே இது?” பியற்றிஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

எழுந்து மனைவியைப் பார்த்தார் கிருஷ்ணராசா.

“மன்னாரிலையிருந்து மடு எவ்வளவு தூரமோ, அவ்வளவும் ஓடிட்டன். உம்மடை முழங்காலுக்கு ஏலாது. அங்கை போறதுக்கும் இப்ப ஆமிக்காரர் விடாங்கள். அதுதான் உம்மடை நேத்தியை நான் செய்து போட்டன். மாதா ஏற்றுக்கொள்ளுவாவோ தெரியாது.”

இம்மாகுலேற் அவருடைய கையைப் பிடித்து முகத்தில் பொத்திக்கொண்டு விம்மினாள்.

பியற்றிஸ் அக்காவுக்குத்தான் கணக்கு விளங்கவில்லை.

“தம்பி உயிரோடை இருக்கிற சேதியே இந்தக் கிழமைதானே வந்தது? நீர் ஜனவரியிலேயே ஓடத் தொடங்கிட்டீரே!”

“ஓம் மச்சாள். அண்டைக்கே மாதாவிட்டைக் கேட்டாச்செல்லே? அப்ப அவன் இருப்பான்தானே எண்டு ஓடிப் பழகத் தொடங்கினன்.”