படத்துக்கு முன்னால் ஒரு மாத்திரை

"மறக்காம போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி மாத்திரையைக் கணவனின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அந்தக் கணவன் மாரடைப்பில் போய் ஒரு வருஷமாகிறது.

வேலை விஷயமாக வந்து அங்கே தங்கியிருந்த கணவனின் தம்பி குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான். படத்தின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அண்ணன் முகத்தின் மேல் அச்சாகப் பொருந்தியது. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு ஷூவை எடுத்தான்.

"சித்தப்பா, ஷூவை ஏன் இப்படிச் சித்ரவதை பண்றீங்க?" என்று சிரித்தாள் அண்ணன் மகள். பின்பக்கத்தை மிதித்து மிதித்து அதைச் செருப்பாக்கியிருந்தான்.

"ஷூதான்மா என்னைச் சித்ரவதை பண்ணுது. குதிகால்ல உரசுது."

"அப்பாவும் இப்படித்தான் போடுவாரு."

ஷூவோடு மல்லுக்கட்டி அவன் நிமிர்ந்தபோது மாத்திரையைக் காணோம். டம்ளரில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மகள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கையாட்டிவிட்டு ஓடினாள்.

"அண்ணி, மாத்திரை எங்கே?"

"போட்டாச்சு தம்பி" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "உயிரோட இருந்தப்பதான் படுத்தினாரு. இப்போ சமத்து."

அவன் தெருவில் இறங்கியதும் மனைவிக்குப் போன் போட்டான். "அண்ணிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. இப்படியே விட்டா அந்தப் பொண்ணு கதி என்னாகிறது?"

மாலையில் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணி, ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோமா?"

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலையிலயே டோக்கன் சொல்லி வெச்சுட்டேன்."

அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் அவள் டோக்கன் வாங்கப் போன நேரம் பார்த்து, அவன் முந்திக்கொண்டு டாக்டர் அறைக்குள் நுழைந்தான். "டாக்டர், எங்க அண்ணி செத்துப்போன அண்ணனுக்குத் தினம் மாத்திரை வைக்கிறாங்க. அதுவும் காணாமப் போகுது!"

டாக்டர் சிரிக்கவில்லை. "அது உங்க அண்ணன் மகளோட மாத்திரை. ரத்தத்துல கொழுப்பு. குதிகால் நரம்புலகூடக் கட்டியாத் திரளும். சாப்பாட்டால வந்ததில்ல, அப்பா வழியா வந்தது. போட மாட்டேன்னு அடம் பிடிச்சா. இப்போ, 'அப்பா போடாம விட்டதை நான் போடறேன்'னு அவளே எடுத்துக்கிறா."

"அப்போ அண்ணி நல்லாத்தான் இருக்காங்களா?"

"ரொம்ப நல்லா இருக்காங்க."

அவனுக்கு மூச்சு வந்தது. "அப்பாடா! ரத்தத்தை டெஸ்ட் பண்ணு, டெஸ்ட் பண்ணுன்னு அண்ணி போன்ல என்னை அரிச்சப்பவே சந்தேகப்பட்டேன். எனக்கென்ன டாக்டர், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"உங்க அண்ணனும் இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் சொன்னாரு."

டாக்டர் குனிந்து, மிதிபட்ட ஷூவுக்கு மேலே அவன் குதிகால் நரம்பில் திரண்டிருந்த கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

அவன் திரும்பினான். அண்ணி கதவருகே டோக்கனோடு நின்றிருந்தாள்.

"உங்க பேருக்குத்தான் போட்டேன், தம்பி."